பத்து லீற்றர் தண்ணீரும் இரண்டு கிலோ விறகும்



வீட்டில் நாங்கள் பார்க்கின்ற கணக்குகள் பல. கடைக் கொப்பிக் கணக்கு, சீட்டுக் கணக்கு, சங்கக் கடன் கணக்கு, பிள்ளைகளின் ரியூசன் காசு என்று அது நீண்டுகொண்டே போகும். ஆனால் காலையும் மாலையும் எங்கள் கண்முன்னாலேயே எரிந்து சாம்பலாகின்ற விறகுக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை. காட்டு விறகு காசில்லாமல் கிடைக்கின்றது என்ற எண்ணமே இதற்குக் காரணம் எனலாம். காட்டுக்குப் போய் வருகின்ற நேரம், தலைச்சுமை, யானைப் பயம், கண்ணெரிவு, இருமல் என்று அந்த விறகுக்கும் ஒரு விலை உண்டு. பெரும்பாலான வீடுகளில் அந்த விலையைச் செலுத்துபவள் பெண்ணாகவே இருக்கின்றாள். இம்முறை அந்த விலையைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

பிள்ளையின் புத்தகத்தில் உள்ள ஒரு வரி

நான் பல்கலைக்கழகத்தில் படித்தது சமூகவியல். விஞ்ஞானப் பாடம் எனக்குச் சாதாரண தரத்துடன் நின்றுவிட்டது. ஆயினும் அந்தச் சாதாரண தர விஞ்ஞானத்தில் வருகின்ற ஒரு சமன்பாடு எங்கள் அடுப்படிக்கென்றே எழுதப்பட்டது போல எனக்குத் தோன்றுவதுண்டு. ஒரு பொருளைச் சூடாக்கத் தேவையான வெப்பம் எவ்வளவு என்பதைக் கூறுகின்ற சமன்பாடு அது:

வெப்பம் = திணிவு × தன்வெப்பக் கொள்ளளவு × வெப்பநிலை மாற்றம்.

பெயர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. இதில் மூன்று கேள்விகள்தான் உள்ளன. எவ்வளவு பொருளைச் சூடாக்குகின்றோம்? அது என்ன பொருள்? எத்தனை பாகை சூடு ஏற வேண்டும்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால், பெருக்கிக் கொள்ளலாம். விடை யூல் என்ற அலகில் வரும். ஆயிரம் யூல் சேர்ந்தது ஒரு கிலோயூல்.

தன்வெப்பக் கொள்ளளவு என்பது ஒரு கிலோ பொருளின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்துவதற்குத் தேவையான வெப்பமாகும். தண்ணீருக்கு அது 4200 யூல். அலுமினியத்துக்கு ஏறத்தாழ 900 யூல். செம்புக்கு 400 யூலுக்கும் சற்றுக் குறைவு. தேங்காயெண்ணெய்க்குத் தண்ணீரின் அளவில் ஏறக்குறைய அரைவாசி. தாச்சியில் எண்ணெய் கெதியில் காய்ந்துவிடுவதும், பானையில் தண்ணீர் சுணங்குவதும் இதனால்தான். நண்பகலில் முல்லைத்தீவுக் கடற்கரை மணல் காலைச் சுடும்போது, பக்கத்திலுள்ள கடல்நீர் குளிர்ந்திருப்பதற்கும் இது முக்கிய காரணமாகும். அடுப்பில் நாங்கள் ஏற்றுகின்ற பொருட்களுள் ஆகக் கூடுதலான வெப்பத்தைக் கேட்பது தண்ணீரே. சமையல் என்று நாங்கள் சொல்வதில் பெரும்பகுதி தண்ணீரைச் சூடாக்குவதுதான் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பத்து லீற்றர்

இனிக் கணக்குக்கு வருவோம். தண்ணீரூற்றில் ஐந்து பேர் கொண்ட ஒரு வீடு. குடிப்பதற்கும் தேத்தண்ணிக்குமாக நாளொன்றுக்குப் பத்து லீற்றர் தண்ணீர் கொதிக்க வைக்கின்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. கிணற்றுத் தண்ணீர் 28 பாகை செல்சியஸ் என்று கொண்டால், கொதிநிலையான 100 பாகைக்குப் போக 72 பாகை ஏற வேண்டும்.

10 × 4200 × 72 = 30,24,000 யூல். அதாவது 3024 கிலோயூல்.

தண்ணீர் இருக்கும் பாத்திரமும் சூடேற வேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கிலோ அலுமினியப் பானைக்கு அதே 72 பாகைக்குத் தேவைப்படுவது 65 கிலோயூல் மட்டுமே. ஆகவே அதைப் பெரிதாக எடுக்கத் தேவையில்லை.

நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோ எரியும்போது ஏறத்தாழ 15,000 கிலோயூல் வெப்பத்தைத் தருகின்றது. அப்படியானால் இந்தப் பத்து லீற்றருக்கு 200 கிராம் விறகு போதுமே! ஒரு கைப்பிடிச் சுள்ளி! ஆனால் அப்படி நடப்பதில்லை என்பது அடுப்பு மூட்டுகின்ற எவருக்கும் தெரியும். மூன்று கல் வைத்த திறந்த அடுப்பில், விறகின் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு மாத்திரமே பானைக்குள் போகின்றது. மிகுதி காற்றோடும் புகையோடும் போய்விடுகின்றது. கல்லையும் நிலத்தையும் சூடாக்குகின்றது. அடுப்பின் முன்னால் குந்தியிருப்பவளின் முகத்தையும் சுடுகின்றது.

நூற்றுக்குப் பத்து என்று கொண்டால், ஒரு கிலோ விறகில் பானைக்குக் கிடைப்பது 1500 கிலோயூல். ஆகவே 3024 கிலோயூலுக்கு இரண்டு கிலோ விறகு தேவை. அதே தண்ணீரை நூற்றுக்கு இருபது பங்கு வெப்பத்தைப் பிடிக்கின்ற அடுப்பில் வைத்தால் ஒரு கிலோ போதும்.

நாளுக்கு ஒரு கிலோ மிச்சம் என்பது சின்ன விடயமாகத் தோன்றும். வருடத்துக்கு அது 365 கிலோ. ஒரு தலைச்சுமை 20 கிலோ என்றால், பதினெட்டுச் சுமை. குடிதண்ணீருக்கு மட்டும் பதினெட்டுத் தடவை காட்டுக்குப் போகாமல் இருக்கலாம். சோறு, கறி, இடியப்பம், பிட்டு எல்லாம் இதற்குள் சேரவில்லை.

கொதித்த பின்னர் எரிகின்ற விறகு

கிராமங்களில் நான் அடிக்கடி காண்கின்ற ஒரு வழக்கம், தண்ணீர் கொதித்த பின்னரும் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று தளதளக்க விடுவது. "கனக்கக் கொதிச்சால்தான் கிருமி சாகும் பிள்ளை" என்பார்கள். அக்கறையினால் செய்வதுதான். ஆனால் அந்த நேரத்தில் எரிகின்ற விறகு என்ன செய்கின்றது என்பதைப் பாருங்கள்.

1760களில் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஜோசப் பிளாக் என்ற விஞ்ஞானி இதனை ஆராய்ந்தார். கொதிக்கத் தொடங்கிய தண்ணீருக்குக் கீழே எவ்வளவு நெருப்பு எரித்தாலும் அதன் வெப்பநிலை ஏறுவதில்லை என்பதையும், அந்த வெப்பம் தண்ணீரை ஆவியாக்குவதற்கே செலவாகின்றது என்பதையும் அவர் விளக்கினார். வெப்பமானியில் தெரியாமல் மறைந்து போகின்ற இந்த வெப்பத்துக்கு மறைவெப்பம் என்று பெயர். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2257 கிலோயூல் வேண்டும்.

எங்கள் பத்து லீற்றரில் ஒரு லீற்றர் ஆவியாகிப் போனால், மூன்று கல் அடுப்பில் அதற்காக எரிந்த விறகு ஒன்றரைக் கிலோ. பத்து லீற்றரையும் கிணற்றுச் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரச் செலவானது இரண்டு கிலோ. அதற்கு மேல் இன்னும் ஒன்றரைக் கிலோ வெறும் ஆவியாகிக் கூரைக்குப் போய்விட்டது!

தண்ணீர் நன்றாகக் குமிழியெழுப்பிக் கொதிக்கின்ற நிலையை அடைந்தாலே நோய்க்கிருமிகள் அழிந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. திருப்திக்காக இன்னுமொரு நிமிடம் விடுங்கள். பின்னர் இறக்கி, மூடியபடியே ஆற விடுங்கள். கலங்கல் தண்ணீரென்றால் முதலில் சுத்தமான துணியில் வடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் இங்கு சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டங்களில் சிறுநீரக நோய் பற்றிய பயம் காரணமாகவும் சிலர் தண்ணீரை நீண்ட நேரம் கொதிக்க வைக்கின்றார்கள். கொதிக்க வைப்பதனால் கிருமிகள் அழியும். தண்ணீரில் கரைந்துள்ள உப்புகள் அகலாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய, மிஞ்சுகின்ற தண்ணீரில் அவற்றின் செறிவு கூடவே செய்யும். கிணற்று நீரில் சந்தேகம் இருந்தால், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி நீரைப் பரிசோதிப்பதே வழி.

ஈர விறகு

மாரி காலத்தில் ஈர விறகோடு நாங்கள் படுகின்ற பாட்டையும் இதே கணக்கு விளக்குகின்றது. விறகுக்குள் இருக்கின்ற தண்ணீர் முதலில் சூடேறிக் கொதித்து ஆவியாக வேண்டும். அதன் பின்னர்தான் விறகு ஒழுங்காக எரியும். விறகுக்குள் இருக்கும் ஒவ்வொரு கிலோ தண்ணீருக்கும் ஏறத்தாழ 2560 கிலோயூல் இப்படிச் செலவாகின்றது. அதாவது பானைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கு முன்னர் விறகின் தண்ணீரைக் கொதிக்க வைக்கின்றோம்.

ஒரு கிலோ பச்சை விறகில் 400 கிராம் தண்ணீர் என்றால், எரிவதற்கு இருப்பது 600 கிராம் மட்டுமே. காய்ந்த விறகு 15,000 கிலோயூல் தருகின்ற இடத்தில் இது 10,000 கிலோயூலும் தராது. சுமந்து வந்த பாரத்திலும் கிட்டத்தட்ட அரைவாசி தண்ணீர். அது மட்டுமன்றி, நெருப்பின் சூடு குறைவதனால் புகையும் கூடுகின்றது. வெட்டிய விறகைக் கொத்தி, மழைபடாத தாழ்வாரத்தில் அடுக்கிச் சில மாதம் காய விடுவது பெரிய சேமிப்பாகும். கொத்துவதும் அடுக்குவதும் வீட்டிலுள்ள ஆண்கள் செய்யக்கூடிய வேலை என்பதையும் இந்த இடத்தில் ஞாபகப்படுத்த விரும்புகின்றேன்.

மூன்று கல் எப்படி நிலைத்தது?

முன்பெல்லாம் வன்னி வீடுகளில் குசினி என்றால் களிமண் குழைத்துக் கட்டி, சாணத்தால் மெழுகிய அடுப்பு இருக்கும். சுற்றிவர மண் சுவர் இருந்ததனால் சூடு ஓரளவு உள்ளே நின்றது. இடப்பெயர்வுகள் அந்த அடுப்புகளை எங்களிடமிருந்து பறித்தன. 1990இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சகோதரிகளும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் இடத்துக்கு இடம் ஓடி, கடைசியில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களுக்குப் போய்ச் சேர்ந்த சகோதரிகளும் மண் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. போன இடத்தில் மூன்று கல்லைத் தேடி வைத்தார்கள். எந்த மரத்துக்குக் கீழும் ஐந்து நிமிடத்தில் அடுப்பாவது மூன்று கல்தானே.

மீள்குடியேற்றம் நடந்தது, வீட்டுத்திட்டம் வந்தது, சுவரும் கூரையும் எழும்பின. ஆனால் பல வீடுகளின் பின்புறத்தில் இன்றும் அதே மூன்று கல் இருக்கின்றது. அவசரத்துக்கு வைத்தது நிரந்தரமாகிவிட்டது. வீடு கட்டுவதற்கான படத்தில் அறைக்கு இடமிருந்தது, மலசலகூடத்துக்கு இடமிருந்தது. பெண் நாளில் பல மணிநேரம் நிற்கின்ற அடுப்பைப் பற்றி யாரும் அதிகம் யோசிக்கவில்லை.

இலங்கையிலேயே இதற்கு ஒரு விடை உண்டு. 1980களில் உருவாக்கப்பட்ட அனகி அடுப்பைப் பலர் கண்டிருப்பீர்கள். சுட்ட களிமண்ணால் ஆனது. ஒரு வாயில் விறகு வைத்தால் இரண்டு பாத்திரங்களுக்கு நெருப்பு போகும். முதல் பானைக்குக் கீழே எரிந்த நெருப்பின் சூடு வீணாகாமல் இரண்டாவது பானைக்குப் போகின்றது. சுற்றிவர மண் பூசி வைத்தால் அடுப்பும் நெடுநாள் நிற்கும், சூடும் வெளியே போகாது.

காஸும் கரண்டும்

"எங்கட வீட்டில காஸ்தானே" என்று சொல்கின்ற சகோதரிகளுக்கும் இதே கணக்கு உதவும். ஒரு கிலோ சமையல் எரிவாயு ஏறத்தாழ 46,000 கிலோயூல் தரும். அதில் அரைவாசி பாத்திரத்துக்குப் போகின்றது என்று கொண்டால், எங்கள் பத்து லீற்றருக்கு 130 கிராம் எரிவாயு தேவை. 12.5 கிலோ சிலிண்டரை இதற்கு மட்டும் பாவித்தால் 95 நாள் வரும்.

2021 ஒக்ரோபருக்கு முன்னர் அந்தச் சிலிண்டரின் விலை 1493 ரூபா. அப்போது பத்து லீற்றர் கொதிக்க வைக்க ஏறத்தாழ 16 ரூபா. 2022 ஏப்ரலில் விலை 4860 ரூபாவாகியது. அதே தண்ணீருக்கு 51 ரூபா! தண்ணீர் கேட்ட வெப்பம் ஒரு யூல்கூடக் கூடவில்லை. வரிசையில் நின்றும் சிலிண்டர் கிடைக்காத அந்த நாட்களில், நகரத்துச் சகோதரிகளும் மூன்று கல்லுக்குத் திரும்பியதை நாங்கள் கண்டோம். விலை எங்கள் கையில் இல்லை. எவ்வளவை வீணாக்குகின்றோம் என்பது ஓரளவாவது எங்கள் கையில் உள்ளது.

மின் கேத்திலில் இதே பத்து லீற்றருக்கு ஏறத்தாழ ஓர் அலகு மின்சாரம் போகும். உங்கள் மின்பட்டியலில் ஓர் அலகுக்கு என்ன விலை என்று பார்த்து, எது இலாபம் என்பதை நீங்களே தீர்மானிக்கலாம்.

குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீர்

கைக்குழந்தை உள்ள வீட்டில், ஒரு பெரிய சட்டித் தண்ணீரையும் கொதிக்க வைத்து, பின்னர் ஆறுமட்டும் காத்திருப்பார்கள். இதுவும் ஒரு கணக்குத்தான். சூடான தண்ணீர் இழக்கின்ற வெப்பமும், குளிர்ந்த தண்ணீர் பெறுகின்ற வெப்பமும் சமன். 38 பாகையில் பத்து லீற்றர் தேவையென்றால், கொதித்த தண்ணீர் 1.4 லீற்றரும் 28 பாகைக் கிணற்றுத் தண்ணீர் 8.6 லீற்றரும் போதும். பத்து லீற்றரையும் கொதிக்க வைப்பதற்கு எரிகின்ற விறகில் ஏழில் ஒரு பங்குதான் இதற்குச் செலவு. எப்போதும் முதலில் குளிர்ந்த தண்ணீரை விட்டு, அதன் பின்னரே சுடுதண்ணீரைச் சேருங்கள். முழங்கையை வைத்துச் சூடு பார்த்த பின்னரே குழந்தையை இறக்குங்கள்.

சுமப்பது யார்?

தண்ணீரூற்றில் ஒரு மாதர் சங்கக் கூட்டத்தில் இந்த விடயத்தைப் பேசினேன். சங்கத்தின் கையில் இருந்த சிறு தொகையில் கதிரை வாங்குவதா, அடுப்பு வாங்குவதா என்பதே அன்றைய கேள்வி. கதிரை வாங்கினால் கலியாண வீடு, செத்த வீட்டுக்கு வாடகைக்கு விட்டுக் காசு பார்க்கலாம் என்பது பலரின் கருத்து. அதில் நியாயமும் இருந்தது. அடுப்பினால் வருகின்ற இலாபம் எந்தக் கொப்பியிலும் பதியப்படுவதில்லையே.

சாதாரண தரத்துக்குப் படிக்கின்ற ஒரு பிள்ளை தாயுடன் வந்திருந்தாள். தாய்க்கு நெடுங்காலமாக முட்டு. மேலே உள்ள கணக்கைக் கரும்பலகையில் செய்யும்படி அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். பதினெட்டுச் சுமை என்ற விடை வந்ததும் ஒரு வயதான அம்மா, "ஒரு சுமைக்கு அரை நாள் பிள்ளை. அப்ப ஒன்பது நாள் கூலி" என்றார். கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அதுவரை 'வீட்டு வேலை' என்று இருந்தது, அன்றைக்குத்தான் நாட்கூலியாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

நான் படித்த சமூகவியல் இதனை ஊதியமற்ற உழைப்பு என்று அழைக்கின்றது. எண்ணப்படாத உழைப்பு மதிக்கப்படுவதும் இல்லை. இலங்கையில் மக்களின் நேரப் பயன்பாடு பற்றிய தேசிய ஆய்வு ஒன்று முதன்முதலாக நடந்தது 2017இல்தான். அவ்வளவு காலமும் பெண் அடுப்படியில் செலவிட்ட நேரம் நாட்டின் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

புகையின் கணக்கு இன்னும் கடுமையானது. வீட்டுக்குள் சமையலினால் ஏற்படுகின்ற புகை மாசினால் 2020இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் உயிரிழந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். எரிகின்ற விறகு பாதியானால் புகையும் பெருமளவு குறையும். ஆனால் திருத்திய அடுப்பும் விறகடுப்புத்தான். யன்னலும் புகைபோக்கியும் அதற்கும் வேண்டும். முட்டு, நீண்டநாள் இருமல் உள்ளவர்கள் வைத்தியரிடம் கட்டாயம் காட்ட வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் கதிரையா அடுப்பா என்பது முடிவாகவில்லை. முதலில் நான்கு வீடுகளில் புதிய அடுப்பை வைத்து, ஒரு மாதம் விறகை நிறுத்துப் பார்த்து, அதன்பின் தீர்மானிப்பது என்று இணங்கினார்கள். கேட்டு நம்புவதிலும் நிறுத்துப் பார்ப்பது மேலானது. ஆகவே அது எனக்கும் சரியான முடிவாகவே பட்டது.

இந்த மாதம் செய்து பார்ப்போம்

உங்கள் வீட்டிலும் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு விற்றராசு இருந்தால் போதும்.

முதல் வாரம், வழக்கம்போல் சமையுங்கள். நாளாந்தம் எரிக்கின்ற விறகை மட்டும் நிறுத்து ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

இரண்டாவது வாரம், எல்லாப் பாத்திரங்களையும் மூடிச் சமையுங்கள். தண்ணீர் கொதித்ததும் இறக்குங்கள். சோறோ கறியோ கொதிக்கத் தொடங்கியதும் விறகை வெளியே இழுத்து நெருப்பைக் குறையுங்கள். மெதுவாகக் கொதிக்கும் தண்ணீரும் தளதளக்கும் தண்ணீரும் ஒரே 100 பாகைதான். பயறு, கடலையை முதல்நாளே ஊறப் போடுங்கள்.

மூன்றாவது வாரம், காய்ந்த, சிறிதாகக் கொத்திய விறகை மட்டும் பாவியுங்கள். அடுப்பைச் சுற்றிக் களிமண்ணால் ஒரு சிறு சுவர் எழுப்புங்கள். அதற்குக் காசு தேவையில்லை.

நான்காவது வாரம், கொப்பியைப் புரட்டிக் கூட்டிப் பாருங்கள். கணக்கைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஆண் பிள்ளைகளிடமும் கொடுங்கள். பரீட்சைக்கான சமன்பாடு அம்மாவின் தலைச்சுமையைப் பற்றியது என்று தெரிந்தால், அது அவர்களுக்கு மறக்காது. கணவரிடமும் காட்டுங்கள். எத்தனை கிலோ, எத்தனை சுமை, எத்தனை நாள் என்று எண்ணிக் காட்டும்போது, யார் சுமப்பது என்ற பேச்சும் வீட்டில் தொடங்கும். அந்தப் பேச்சைத் தொடங்கி வையுங்கள் சகோதரிகளே. மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.